பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

காலுவினின் மாமியார் பேரில் ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தொல்லை வேறு எதுவும் இல்லை.

படகுக்காரன் தன் மகள் பேரைத்தான் நீலப் பெயிண்டில் எழுதி மிதக்கவிட்டிருந்தான். அதுவே காலுவினின் மாமியாருக்கும் பேராக அமைந்தது அவன் குற்றமில்லை. லோரங்காவ் துறையில் ஊரே அந்தப் பேரைக் கூவி ஏறி இறங்குகிறது. காலுவின் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. மாமியார், மாமனார், மச்சான், மச்சினி என்று சம்பந்த வழி வந்தவர்களின் பேரை வாயால் சொல்பவனை மானுஸ் தீவில் யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"எந்தப் படகுல வந்தே?" என்று கேட்டாள் டோர்கஸ்.

"நீலப் பேர் போட்ட படகுல, அக்கா."

"என்ன பேர்?"

"என்னை வேலையிலேருந்து தூக்கணும்னா நேராச் சொல்லிடுங்க. இப்படி மாமியார் வீட்டு வழியாச் சுத்திக்கிட்டு வராதீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் டோர்கஸ் சிரிப்பாள். பாக்குக் கறை படிந்த பற்கள் முழுக்கத் தெரியச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் காலுவின் அப்போதுதான் கவனித்தான். வாயை மூடிக்கொண்டான்.

டோர்கஸ் முன்னாள் போலீஸ் சார்ஜெண்ட். ஒரு பெரிய மனிதரின் மகனைக் கைது செய்தாள். மறுநாளே மாற்றல் உத்தரவு வந்தது. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது வசதி இல்லாதவர்களுக்காக வாதாடும் அரசாங்க வக்கீலுக்குத் துப்புத் துலக்கிக் கொடுக்கிறாள். காலுவின் அவளுக்கு டிரைவர், எடுபிடி, வாய். முதல் இரண்டுக்குத்தான் சம்பளம், வாய் இலவசம் என்பது அவன் கணக்கு.

பெஞ்சில் இருந்தவள் நியாலென். அகதி முகாமின் பின்வாசல் காவலாளி பொமாட்டின் தங்கை.

"நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி ஒத்துக்கப் போறானாம், அக்கா," என்றாள். "கதவைத் திறந்து போட்டுட்டு எங்கயோ போயிட்டேன், அதனாலதான் அந்த ஆள் செத்தான்னு. எங்க அண்ணன் அப்படிப் போறவன் இல்ல."

"அவன்கிட்டயே கேட்டியா?"

"கேட்டேன். என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறான். சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

"உன் வீட்டுக்காரரும் அன்னிக்கு அதே பின்வாசல்லதானே காவல்?"

"ஆமா. மறுநாளே அவரைத் தலைநகருக்கு, மோர்ஸ்பிக்கு மாத்திட்டாங்க. போன் அடிச்சா எடுக்கறதில்ல. நல்லா இருக்கேன்னு மெசேஜ் மட்டும் வருது. நல்லா இருக்கறவர் எதுக்கு எடுக்க மாட்டேங்கிறார்?"

நியாலென் புகை போட்ட மீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணன் உள்ள போயிட்டா அம்மா இருக்க மாட்டாங்க, அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

செத்துப்போனவன் பெயர் ஜுமா கான். ஆப்கானிஸ்தானத்து மலைநாட்டுக்காரன். படகேறி ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போகப் பார்த்து, வழியில் பிடிபட்டு, சம்பந்தமே இல்லாத இந்தத் தீவில் கொண்டுவந்து அடைக்கப்பட்டவன். அடைக்கச் சொன்னது ஒரு அரசாங்கம். இடம் கொடுத்தது இன்னொரு அரசாங்கம். பூட்டும் சாவியும் மட்டும் ஒரு காவல் கம்பெனியின் கையில். லோரங்காவில் கம்பெனி என்றாலே அந்த ஒரு கம்பெனிதான். வீட்டுக்கு ஒருவன் அங்கே வேலை பார்த்தான். பார்க்காத வீட்டில் ஒருவன் அந்த வேலைக்காகக் காத்திருந்தான்.

முகாமின் பின்பக்கக் கடலில் ஜுமா கான் மூழ்கிப் போனான். பின்வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போன பொமாட்தான் காரணம் என்றது கம்பெனி. பொமாட் அதை மறுக்கவே இல்லை. டோர்கஸை உறுத்தியது அதுதான். குற்றம் செய்தவன்கூட ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லிப் பார்ப்பான்.

முகாமில் அவர்களை எதிர்கொண்டது கிரெய்க் என்கிற மேற்பார்வையாளன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஆள். கப்பல் கண்டெய்னரை வெட்டிச் செய்த அலுவலகத்தில், ஏதோ ஒரு குழந்தை வரைந்த நாய்ப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான். முழுக்க முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் காலுவினுக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான்.

"வருத்தமான விஷயம்தான் மேடம். ஆனா சிக்கல் எதுவும் இல்ல. ஆறாம் நம்பர் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். நாப்பத்தொண்ணு வெளிய போயிட்டான்."

"ஆறாம் நம்பர் யாரு?" என்றாள் டோர்கஸ்.

"அந்தக் காவலாளிதான். சட்டையில நம்பர் இருக்கும்."

"நாப்பத்தொண்ணு?"

"அது படகு நம்பர். உள்ள இருக்கறவங்களுக்கு."

"எங்க மாமியாருக்கும் ஒரு நம்பர் போட்டுக் கொடுங்க சார்," என்றான் காலுவின். "ரொம்ப உபகாரமா இருக்கும்."

கிரெய்க் புரியாமல் சிரித்துவைத்தான். டோர்கஸ் காலுவினின் பாதத்தை மேஜைக்கடியில் மிதித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆறாம் நம்பர் அங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"கூட நின்ன காவலாளி ரேடியோவில சொன்னான். சபாவ்னு பேர். என் காதாலயே கேட்டேன்."

"என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தை அப்படியே வேணும்."

கிரெய்க் யோசிக்கவே இல்லை. பலருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். "'கதவு திறந்து கிடக்கு. பொமாட் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். பொமாட் இங்க இல்ல.' அவ்வளவுதான் மேடம்."

"பொமாட்னு பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான். இப்பவும் காதுல கேக்குது."

காலுவினுக்குத் தண்ணீர் புரையேறியது. டோர்கஸ் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அப்புறம் யாரும் அவரைத் தூக்க இறங்கலையா?"

"எப்படி இறங்க முடியும்? அந்தப் பக்கம் ஆழம் மேடம். பயங்கர இழுப்பு. நீச்சல் தெரிஞ்சவனே போனா திரும்ப முடியாது. காவல் படகு வந்து உடம்பைத்தான் எடுத்தது."

அந்தப் பக்கத்தில் காலுவினின் சித்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிப்பி பொறுக்குவாள். அதைச் சொல்ல வாயெடுத்தான். பாதம் மறுபடி மிதிபட்டது. இழுப்பு இருக்கிற பருவமும் உண்டுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பின்வாசலைப் பார்க்க அனுமதி இல்லை என்றான் கிரெய்க். யாருடைய அனுமதி என்று டோர்கஸ் கேட்டதற்கு, தனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்றான். அவர்கள் எங்கே என்றதற்கு, கையை உத்தேசமாகத் தெற்குப் பக்கம் காட்டினான். அவர்கள் இருக்கிற ஊர் மூன்று கடல் தாண்டி இருந்தது.

திரும்பி வரும் வழியில் துணி வெளுக்கும் கொட்டகை. பெரிய பெரிய இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. டோர்கஸ் செருப்பில் கல் குத்தியதாகக் குனிந்தாள். அவள் செருப்பில் என்றைக்கும் கல் குத்தாது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால்தான் குத்தும். காலுவினும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். வெயிலும் சோப்பு ஆவியும் பட்டு மஞ்சளான மரச் சுவர். அதில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பலகை புதுசாக, வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைத் திட்டின் தலையில் மெல்லிய கோடாக ஒரு கொம்பு.

வண்டியில் ஏறி முகாம் கதவைத் தாண்டும்வரைதான் காலுவினால் பொறுக்க முடிந்தது.

"அக்கா, சபாவ் பொமாட்டோட தங்கச்சியைக் கட்டினவன்."

"ஆமா."

"மச்சான் பேரை ஒருத்தன் ரேடியோவில, அத்தனை பேர் காதுல விழற மாதிரி, ரெண்டு தடவை சொன்னானாம். தூக்கத்துல கூடச் சொல்ல மாட்டான். எங்க மச்சான் ஒரு நாள் கிணத்துல விழுந்தப்போ நான் என்ன கத்தினேன் தெரியுமா? 'இந்தாங்க, வீட்டு மூத்தவர் கிணத்துக்குள்ள இருக்கார்'னு கத்தினேன். வந்தவங்க எங்க அப்பாவைத் தேடிக்கிட்டு நின்னாங்க."

"கிரெய்க்குக்கு அது தெரியாது," என்றாள் டோர்கஸ். "நம்ம ஆளுங்க ஆயிரம் பேரை வேலைக்கு வெச்சிருக்காங்க. வீட்டுல எப்படிப் பேசிக்குவோம்னு ஒருத்தனும் கேட்டதில்ல. கதை கட்டினவன் நல்லாத்தான் கட்டியிருக்கான்."

"எதுக்குக் கட்டணும்?"

"காவலாளி ஓடிப்போனா அது அந்தக் காவலாளியோட தப்பு. ஓடாம நின்னும் ஒரு ஆள் செத்தான்னா, ஏன்டா நின்னேன்னு கேள்வி வரும். அந்தக் கேள்வி மேல போகும்." டோர்கஸ் ஜன்னல் வழியாகத் துப்பினாள். "ஆனா ஒண்ணு இடிக்குது. கிரெய்க் நம்மகிட்ட பேசின நேரம் பூரா ஆறாம் நம்பர், நாப்பத்தொண்ணுன்னான். அந்த ஒரு பேர் மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமா வாயில வந்தது? காதுல கேக்குதுன்னான் பார்த்தியா, அது பொய் மாதிரி இல்ல."

காலுவின் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"அந்தக் கொட்டகை ஆணியில கை ரேடியோ தொங்கியிருக்கு, கொம்பு மாதிரி தெரிஞ்சது அதோட ஏரியல் தடம்," என்றாள் அவள். "துணி எப்போ வேணும்னு கேக்கறதுக்காக வெளுக்கற பொம்பளைங்ககிட்ட ஒண்ணு கொடுத்து வெச்சிருக்காங்க. இப்போ கழட்டிட்டாங்க. முகாம் முழுக்க ஒரே அலைவரிசை. அன்னிக்கு வெளுக்கற கொட்டகையில இருந்தது யாரு?"

அது ஒன்றும் பெரிய துப்பில்லை. முகாமில் வேலை போன பெண்கள் எல்லோரும் போகிற இடம் ஒன்றுதான். சந்தையில், மாமரத்தடியில், அன்று கொட்டகையில் துணி வெளுத்த இசாலி பொரித்த மாவு உருண்டைகளை விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சோப்பில் ஊறி ஊறிக் கை வெளுத்துப்போயிருந்தது.

டோர்கஸைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள். "நான் எதுவும் பேசக் கூடாது. வெளிய பேச மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் அனுப்பினாங்க. என் பையன் இன்னும் அங்க சமையல்ல இருக்கான்."

"பேச வேண்டாம்," என்றாள் டோர்கஸ். ஒரு மாவு உருண்டையை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். "சபாவைப் பத்தி ஊருல ஒண்ணு சொல்லிக்கிறாங்க, அது நிஜமான்னு மட்டும் கேட்டுட்டுப் போறேன். அன்னிக்கு அவன் ரேடியோவில மச்சான் பேரைச் சொல்லிக் கத்தினானாமே?"

இசாலியின் முகம் சிவந்தது. "யாரு சொன்னா?"

"கிரெய்க். ரெண்டு தடவை சொன்னானாம்."

"சபாவோட அம்மா என் பெரியம்மா மக. எங்க வம்சத்துல எவனும் அப்படிப் பேசினதில்ல. மரியாதை தெரியாத பிள்ளையா அவன்? 'மச்சான் இங்கதான் பக்கத்துல நிக்கிறான், நாங்க ரெண்டு பேரும் இறங்கட்டுமா'ன்னு கேட்டான். அதுதான் அவன் சொன்னது. இந்தக் காதால கேட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணெய்க் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். டோர்கஸும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளை அவசரப்படுத்தவில்லை.

"அதுக்கு என்ன பதில் வந்தது?" என்றாள் கடைசியில்.

"'வேலிக்கு வெளிய நம்ம பொறுப்பு இல்ல. படகு வரும். இடத்தை விட்டு அசையாதீங்க'ன்னு." இசாலி குரலைத் தாழ்த்தினாள். "சபாவ் மறுபடி கேட்டான். மறுபடியும் அதே பதில். யார் குரல்னு கேக்காதீங்க. அந்தக் குரல் கன்ட்ரோல் ரூம். அங்க ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க."

காலுவின் கையைத் தட்டினான். "அக்கா, முடிஞ்சுபோச்சு. பொமாட் அங்கதான் இருந்தான். ஓடலை. இந்தம்மா சாட்சி சொன்னாப் போதும். நாளைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுல மீன் குழம்பு."

இசாலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பரிதாபம் இருந்தது.

"பேரும் கேட்டுச்சு," என்றாள் டோர்கஸிடம். "கிரெய்க் சொன்னது அந்த அளவுக்கு நிஜம்தான். சபாவ் ரேடியோ பட்டனை அழுத்தும்போதெல்லாம் பின்னாடி அந்தப் பேர் கேட்டுச்சு. ஆனா சபாவ் குரல் இல்ல. தூரத்துலேருந்து."

"யாரு?"

"அதை பொமாட்கிட்டயே கேட்டுக்கங்க." இசாலி எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போலீஸ் நிலையம் போய்ச் சேரும்வரை காலுவின் பேசினான். சபாவை எப்படி வரவழைப்பது, கிரெய்க்கை எப்படி மடக்குவது, வக்கீல் என்ன கேட்க வேண்டும் என்று வழிநெடுகத் திட்டம் போட்டான். தன் குரல் தனக்கே தேவைக்கு அதிகமாக இருப்பதாகப் பட்டும் நிறுத்த முடியவில்லை.

நிலைய வாசல் படியில் நியாலென் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். டோர்கஸ் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

பொமாட் பெரிய ஆள். கம்பிக்குப் பின்னால் அந்த அறை அவனுக்குச் சட்டை சின்னதானது மாதிரி இருந்தது. டோர்கஸ் உள்ளே வந்ததும் மரியாதைக்கு எழுந்து நின்றான்.

"நீ ஓடலை," என்றாள் அவள். "பக்கத்துலயே நின்னே. உன் தங்கச்சி புருஷன் அப்படித்தான் ரேடியோவில சொல்லியிருக்கான். கேட்ட சாட்சி இருக்கு."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பொமாட் சுவரில் சாய்ந்தான். பிறகு சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"யாருக்கெல்லாம் தெரியும் அக்கா?"

"எனக்கும் இவனுக்கும். சொன்னவளுக்கும்."

"அப்படின்னா விட்டுடுங்க. நான் நாளைக்கு ஒத்துக்கறேன்."

"செய்யாததை ஏன்டா ஒத்துக்கறே?" என்றான் காலுவின். அவனையும் மீறிக் குரல் உயர்ந்தது.

பொமாட் அவனைப் பார்க்காமல் தன் கால்களைப் பார்த்துப் பேசினான்.

"கதவைத் திறந்தது நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்ல. பந்து வேலிக்கு வெளிய போச்சு. அவங்களுக்கு அங்க இருந்தது அந்த ஒரு பந்துதான். எப்பவும் நானே எடுத்துப் போடுவேன். அன்னிக்கு ஜுமா நானே எடுத்துக்கறேன்னான். தினம் வேலிப் பக்கமா வந்து இது என்ன மீன், அது என்ன மீன்னு கேப்பான். நம்ம பாஷையில அவனுக்கு மீன் பேர் மட்டும்தான் தெரியும். மீன் பேரும் என் பேரும். முகாம்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான் அக்கா. மத்தவங்களுக்கு நான் ஆறு."

டோர்கஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பந்து தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துது. அவனும் பின்னாடியே போனான். சிரிச்சுக்கிட்டேதான் போனான். கால் வழுக்கிச்சு. மலைக்காரன், தண்ணியில விழுந்தா என்ன செய்யணும்னு தெரியல. எழுந்து நிக்கணும்னு கூடத் தெரியல. கை ரெண்டையும் தூக்கி அடிச்சுக்கிட்டு என் பேரைக் கூப்பிட்டான். போன மாசம் எங்க காவலாளி ஒருத்தன் வேலியைத் தாண்டி உதவிக்குப் போனான்னு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பினாங்க. மச்சான் கேட்டான். அசையாதேன்னாங்க. மறுபடி கேட்டான். அசையாதேன்னாங்க. நாங்க அசையல. ஜுமா பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் கூப்பிடல."

கிரெய்க்கின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த குரல் யாருடையது என்று காலுவினுக்கு இப்போது புரிந்தது. மாமியார் படகைப் பற்றித் தான் சொல்லித் திரிந்த நகைச்சுவை எல்லாம் நினைவுக்கு வந்து வாய் கசந்தது. பெயரைச் சொல்லக் கூடாத ஒருவனும் சொல்லிக் கூப்பிட்ட ஒருவனும் ஒரே நேரத்தில் அந்தக் கரையில் இருந்திருக்கிறார்கள். முதலாமவன் வழக்கத்தைக் காத்தான். மற்றவன் செத்துப்போனான்.

"கதவைத் திறந்து போட்டவன்னு ஜெயிலுக்குப் போயிடறேன்," என்றான் பொமாட். "ஊருல திட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. முழுகறவனைப் பார்த்துக்கிட்டு கரையில நின்னவன்னு ஊருக்கு எப்படிப் போவேன்? நாம கடல்காரங்க அக்கா. எங்க அப்பா எத்தனை பேரை இழுத்துப் போட்டிருக்கார். மச்சானும் அதனாலதான் போனை எடுக்க மாட்டேங்கிறான்."

"நிக்கச் சொன்னது அந்தக் குரல்," என்றாள் டோர்கஸ். "நாளைக்கு நீ ஓடிப்போனேன்னு ஒத்துக்கிட்டா, அப்படி ஒரு குரலே இல்லைன்னு ஆயிடும்."

"அந்தக் குரலுக்குப் பேர்கூடக் கிடையாது. எனக்குக் கால் இருந்துச்சு."

டோர்கஸின் கண் நிறைந்தது. காலுவின் அவளை இவ்வளவு நாளில் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சார்ஜெண்டாக இருந்த காலத்துக் குரலில் இல்லாமல், வீட்டுக் குரலில் சொன்னாள்.

"உள்ள இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்கடா. அவங்ககிட்டயும் ஒரு பந்து இருக்கும். வாசல்ல இன்னொரு ஆறாம் நம்பர் நிப்பான், நம்ம வீட்டுப் பையன்தான் நிப்பான். அந்தக் குரல் அவனையும் அசையாதேங்கும். ஜுமா வீட்டுல, காவலாளி கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான், அதான் செத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அவன் உன்னைக் கூப்பிட்டான்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

வெளியே யாரோ போலீஸ்காரன் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல என் தங்கச்சிகிட்ட சொல்றேன்," என்றான். "அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிஞ்சா, கோர்ட்லயும் சொல்ல முடியும். முடியலைன்னா என்னை விட்டுடணும்."

காலுவின்தான் போய் நியாலெனை அழைத்து வந்தான். படியில் அவள் கேட்டாள், "அண்ணன் ஓடலைதானே?" என்று. "ஓடலை," என்றான் அவன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் முன்னால் நடந்தான்.

அவளை உள்ளே விட்டுவிட்டு அவனும் டோர்கஸும் நடைக் கதவருகே ஒதுங்கி நின்றார்கள். பொமாட் எழுந்து கம்பியருகே வந்து, இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல், தங்கையின் முகத்தைப் பார்த்தே சொன்னான். பந்திலிருந்து ஆரம்பித்து எதையும் விடாமல் சொன்னான். தன் பேரை அவன் கூப்பிட்டதையும் சொன்னான். நடுவில் அவள் கம்பி வழியாகக் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கிரெய்க் அங்க ரொம்ப ஆழம்னார்," என்று காலுவின் டோர்கஸின் காதில் முணுமுணுத்தான். அப்படியாவது இருக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. "பெரிய இழுப்புன்னார்."

டோர்கஸ் கம்பிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொமாட் சொல்லி முடித்தான். நியாலென் அழவில்லை. அவளும் கடல்காரி. அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"தண்ணி எவ்வளவு ஆழம், அண்ணே?"

பொமாட் வாயால் சொல்லவில்லை. பிடியிலிருந்து கையை விடுவித்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினான். அந்தக் கை அங்கேயே நின்றது.